விலை கொடுத்த கையும் பயன்கொண்ட கையும்

ஒரு வீட்டினுள்ளே இருக்கும் பொருள்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை ஒருவர் வாங்கி இன்னொருவர் பயன்படுத்துவனவாகவே இருக்கக் காண்போம். தந்தை வாங்கிக் கொடுத்த துவிச்சக்கர வண்டியில் மகன் பள்ளிக்குப் போகிறான். மணவீட்டுக்கு வந்தவர் அன்பளித்த மின்னழுத்தியை மணப்பெண் பயன்படுத்துகிறாள். கணவன் வாங்கிவந்த அடுப்பின் முன்னே மனைவி நாளெல்லாம் நிற்கிறாள். இவற்றுள் ஒன்று பழுதுடையதாயிருந்து, அதனால் ஒருவர் கை கருகினால், ஈடு கேட்கும் உரிமை யாருக்குரியது? பணங் கொடுத்தவருக்கா, காயமுற்றவருக்கா? சாதாரண மனித அறிவுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஆயினும், ஆங்கிலச் சட்டம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக் காலம் பணங் கொடுத்தவரையே மனிதராகக் கண்டது. மற்றவரை அது காணவே மறுத்தது.

இந்த நிலை மாறிய வரலாற்றிலே ஒரு விசித்திரம் உண்டு. அதை மாற்றிய வழக்குகளுட் சில, அன்பளிப்பாகப் பெற்ற பொருளைப் பற்றியவை. நண்பர் வாங்கிக் கொடுத்த ஒரு போத்தல் பானம், கணவன் வாங்கிக் கொடுத்த ஒரு மோட்டார்க் கார், மனைவி வாங்கிக் கொடுத்த ஒரு மரவேலை இயந்திரம் ஆகிய மூன்றும் இன்றைய நுகர்வோர் உரிமையின் அடித்தளத்திலே கிடக்கின்றன. சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்குகளை மாணவர்கள் மனனஞ் செய்கிறார்கள். ஆனால் பொருளைக் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது அங்கே பெரும்பாலும் ஒரு துணைச் செய்தியாகவே நின்றுவிடுகிறது.

கதை ஒரு துப்பாக்கியுடன் தொடங்குகிறது. இங்கிலாந்திலே லாங்கிறிட்ஜ் என்பவர் தமக்கும் தம் புதல்வர்க்கும் வேண்டும் என்று சொல்லி லீவி என்ற வணிகனிடம் ஒரு துப்பாக்கி வாங்கினார். அது நொக் என்னும் பெயர்பெற்ற கைவினைஞர் செய்தது என்று வணிகன் பொய்யுரைத்தான். மகன் அதனைச் சுட்டபோது அது வெடித்து அவன் கையைச் சிதைத்தது. விலை கொடுத்தவர் தந்தை. கை இழந்தவன் மகன். 1837ஆம் ஆண்டிலே நீதிமன்று மகனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் அதற்குக் காட்டிய காரணம் மிகக் குறுகியது. வணிகன் அறிந்தே பொய் சொன்னான், அப்பொருளை மகன் பயன்படுத்துவான் என்பதும் அவனுக்குத் தெரியும், ஆகவே ஏமாற்றுக்காக ஈடு கொடுக்க வேண்டும் என்பதே அது. பொய் சொல்லாத வணிகன் விற்ற பழுதுப் பொருளுக்கு என்ன விதி என்பதை அத்தீர்ப்பு சொல்லவில்லை.

அந்த விதியை 1842ஆம் ஆண்டு வின்டர்பொட்டம் என்ற தபால் வண்டிச் சாரதியின் வழக்குச் சொல்லியது. தபால் வண்டிகளை வழங்கிப் பழுது பார்ப்பதாகத் தபாலதிபருடன் ஒப்பந்தம் செய்தவன் றைற் என்பவன். வண்டியை ஓட்டுவதற்கு வின்டர்பொட்டத்தைக் கூலிக்கமர்த்தியவர்கள் வேறு குத்தகைக்காரர்கள். வண்டி ஓட்டத்தில் முறிந்தது. சாரதி வாழ்நாள் முழுவதற்கும் முடமானான். ஒப்பந்தம் றைற்றுக்கும் தபாலதிபருக்கும் இடையிலானது, சாரதி அதிலே கையொப்பமிட்டவன் அல்லன், ஆகவே அவனுக்கு வழக்கே இல்லை என்று நீதிமன்று கூறிற்று. இவனுக்கு இடங்கொடுத்தால் வண்டியிற் சென்ற ஒவ்வொரு பிரயாணியும், ஏன் தெருவில் நின்ற வழிப்போக்கனுங்கூட, வழக்கிட வந்துவிடுவான் என்று அஞ்சினார் தலைமை நீதிபதியாயிருந்த அபிங்கர் பிரபு.

இதே அபிங்கர் பிரபு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1837இல், வேறொரு தீர்ப்பையும் வழங்கியிருந்தார். ஓர் இறைச்சிக் கடைக்காரனின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்ததால் தொடையெலும்பு முறிந்து ஈடு கேட்டபோது, எசமான் பொறுப்பாளியல்லன் என்று அதே அச்சத்தைக் காரணங்காட்டி மறுத்தவர் அவரே. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தாலொழிய அவற்றின் பொருள் விளங்காது. புகையிரதப் பாதைகளும் ஆலைகளும் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளியும் சரி, இயந்திரம் ஈன்ற பொருளைப் பயன்படுத்தியவனும் சரி, ஈடு கேட்கத் தொடங்கினால் வளர்ந்துவரும் மூலதனத்தின் கதி என்னாவது? இக்கவலைக்குச் சட்டம் இட்ட அழகிய பெயர் ஒப்பந்தச் சுதந்திரம் என்பதாகும்.

இச்சுதந்திரத்திற் பெண்ணுக்கு எவ்வளவு பங்கிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். மணமான பெண்ணுக்குத் தன் பெயரிலே சொத்து வைத்திருக்கும் முழு உரிமை இங்கிலாந்திலே 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது. அதுவரை வாங்குபவராகச் சட்டத்தின் முன் நிற்கவே அவளால் இயலவில்லை. வாங்கியவருக்கே உரிமை என்ற விதி, வீட்டிலே பொருளை அதிகமாகப் பயன்படுத்துபவரையே வெளியே நிறுத்தி வைத்தது. பிள்ளைகளும் பணியாளரும் அவளோடு நின்றனர்.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து அக்கதவைத் தட்டியவர் ஒரு தொழிலாளர் வர்க்கப் பெண் என்பது தற்செயலாக இருக்கலாம். அப்படி முழுவதும் தற்செயல் என்று இக்கட்டுரையாளனுக்குத் தோன்றவில்லை. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கடைச் சிப்பந்தியான மே டொனகியூ என்பவர், கணவனைப் பிரிந்து வாழ்ந்தவர். 1928 ஓகஸ்ட் 26ஆம் நாள் மாலை, பெய்ஸ்லி என்னும் நெசவாலை நகரிலே வெல்மெடோ என்ற சிற்றுண்டிச் சாலையில் நட்பினர் ஒருவருடன் அமர்ந்திருந்தார். நட்பினர் அவருக்கு ஐஸ்கிறீம் இட்ட ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுத்தார். போத்தல் கருநிறக் கண்ணாடியினாலானது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. பாதி அருந்தியபின் மீதியை ஊற்றியபோது, அழுகிய நத்தையொன்று மிதந்து வந்தது என்பது டொனகியூவின் முறைப்பாடு. அவர் நோயுற்று மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றார்.

இனி யார் மீது வழக்கிடுவது? கடைக்காரர் முத்திரையிடப்பட்ட போத்தலை அப்படியே விற்றவர், அவரிடம் தவறில்லை. அன்றியும், அவரோடு விற்பனை ஒப்பந்தம் செய்தவர் நட்பினரே அன்றி டொனகியூ அல்லர். பானத்தைத் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சனுடன் இருவருக்குமே ஒப்பந்தமில்லை. ஒப்பந்தமுடையவருக்குத் தீங்கில்லை, தீங்குற்றவருக்கு ஒப்பந்தமில்லை. விருந்து கொடுத்த கையும் விருந்துண்ட வாயும் வேறாயிருந்தமையால், குற்றம் ஒருவர்மீதுஞ் சாராது காற்றிற் கரைந்துவிடும் நிலை ஏற்பட்டது.

அவருடைய சட்டத்தரணி வால்டர் லீச்மன் பிடிவாதக்காரர். ஜிஞ்சர் பியர் போத்தலிற் செத்த எலி கிடந்ததாகக் கூறிய வேறொரு வழக்கை அவர் அப்போதுதான் நடத்தித் தோற்றிருந்தார். அத்தீர்ப்பு வெளிவந்தது 1929 மார்ச் மாதத்தில்; ஏப்ரிலிலேயே டொனகியூவுக்காக 500 பவுண் கோரி வழக்கிட்டார். ஸ்கொத்லாந்தின் மேல்முறையீட்டு மன்று எலி வழக்கையே எடுத்துக்காட்டி இதனையும் தள்ளியது. இலண்டன் பிரபுக்கள் சபைக்குச் செல்வதற்கோ பொருள்வசதி இல்லை. உலகத்தில் தமக்குள்ள உடைமை ஐந்து பவுண் பெறுமதியும் ஆகாது என்று சத்தியஞ்செய்து, ஏழை வழக்காளியாகத் தம்மை ஏற்கும்படி டொனகியூ விண்ணப்பித்தார். நீதியின் உச்சப் படியில் ஏறுவதற்குத் தம் வறுமையைச் சான்றாகக் கொண்டுசெல்ல வேண்டியிருந்த அப்பெண்ணின் பெயராலேயே இன்று உலகின் பாதி நாடுகளிற் கவலையீனச் சட்டம் கற்பிக்கப்படுகிறது.

1932 மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐவரில் மூவர் அவருக்குச் சார்பாகவும் இருவர் எதிராகவும் நின்றனர். பெரும்பான்மையிலே முதன்மையான உரையை எழுதியவர் அட்கின் பிரபு. அயலானை நேசி என்ற வேதாகம ஒழுக்கத்தைச் சட்டத்தின் மொழிக்குக் கொண்டுவந்து, என் செயலினால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ அவரே சட்டத்தில் என் அயலார் என்று வரையறுத்தார். இறுதியாக அருந்துபவரின் கைக்குப் போகும்வரை இடையில் எவரும் திறந்து பார்க்க இயலாதபடி பொருளைச் செய்து அனுப்பும் உற்பத்தியாளன், அந்த இறுதி நுகர்வோர்க்கே கடமைப்பட்டவன். யார் காசு கொடுத்தார் என்ற கேள்வி இங்கே எழவில்லை. மாறுபட்ட இருவருள் ஒருவரான பக்மாஸ்டர் பிரபு, ஓரடி எடுத்து வைத்தால் ஐம்பதடி ஏன் வைக்கக் கூடாது என்ற பழைய கேள்வியை எழுப்பினார். அபிங்கர் பிரபுவின் ஆவி அவர் தோளிலே அமர்ந்திருந்தது எனலாம்.

போத்தலில் நத்தை இருந்ததா என்பது இறுதிவரை நிரூபிக்கப்படவில்லை. ஸ்டீவன்சன் இறந்துவிட, வழக்கு இணக்கமாக முடிந்தது. நத்தை இருந்ததோ இல்லையோ, அது திறந்த கதவு திறந்ததுதான்.

எனினும், உற்பத்தியாளனின் கவலையீனத்தை நிரூபிக்கும் சுமை காயமுற்றவரின் தோளிலேயே இருந்தது. ஆலைக்குள்ளே என்ன நடந்தது என்பதை ஆலைக்கு வெளியே நிற்பவர் எவ்வாறு காட்டுவார்? இந்த முடிச்சை அவிழ்த்தது அமெரிக்கா. அங்கே 1916ஆம் ஆண்டிலேயே, மரச்சில்லு நொறுங்கிய பியூக் கார் பற்றிய வழக்கில், நியூயோர்க் நீதிபதி கார்டோசோ, விற்பனையாளரைத் தாண்டி உற்பத்தியாளரைப் பிடிக்க வழி செய்திருந்தார். 1944ஆம் ஆண்டு, உணவுச்சாலைப் பணிப்பெண் ஒருவர் கொக்கா-கோலாப் போத்தல்களைக் குளிர்பெட்டியில் அடுக்கும்போது ஒரு போத்தல் கையில் வெடித்தது. அவரும் அதை வாங்கியவர் அல்லர், கூலிக்கு அடுக்கியவர். கலிபோர்ணிய நீதிமன்று அவருக்கு ஈடு வழங்கியது. அதே தீர்ப்பிலே ரொஜர் டிரெய்னர் என்ற நீதிபதி தனித்து ஒரு கருத்தெழுதினார்: கவலையீனத்தைத் தேடி ஏன் அலைய வேண்டும்? பழுதான பொருளைச் சந்தையில் விட்டவன் அதன் தீங்குக்குப் பொறுப்பேற்கட்டும். அன்று அவரோடு எவரும் சேரவில்லை.

இனி, கணவனின் அன்பளிப்பு. நியூ ஜேர்சி மாநிலத்தில் வாழ்ந்த குளோஸ் ஹென்னிங்ஸன் 1955 மே மாதத்திலே அன்னையர் தினப் பரிசாகத் தம் மனைவி ஹெலனுக்கு ஒரு பிளிமத் கார் வாங்கினார். இது மனைவிக்கான பரிசு என்று விற்பனையாளரிடம் தாம் சொன்னதாக அவர் சாட்சியமளித்தார். ஆயினும், கொள்வனவுப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர் கணவர் மட்டுமே. மே 9ஆம் நாள் கார் கையளிக்கப்பட்டது. மே 19ஆம் நாள் ஹெலன் மணிக்கு ஏறத்தாழ 20 மைல் வேகத்திலே செப்பமான பாதையொன்றில் ஓட்டிச் செல்கையில், முன்புறத்தின் அடியிலிருந்து ஏதோ வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது. திசைதிருப்பும் சக்கரம் அவர் கைகளிற் சுழன்றது. கார் வலப்புறமாகப் பாய்ந்து செங்கற் சுவரில் மோதியது. அதுவரை அது ஓடியிருந்த தூரம் 468 மைல். முன்புறம் முற்றாக நொறுங்கிவிட்டமையால் எந்த உறுப்பு முதலிலே பழுதாயிருந்தது என்று காட்ட இயலவில்லை. கவலையீனம் என்ற வழி அதனோடு அடைபட்டது.

எஞ்சியது உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்திரத்தின் முன்பக்கத்திலே, கையொப்பமிடும் இடத்தை நெருங்க நெருங்க எழுத்துச் சிறுத்துக்கொண்டே போகிறது. பின்பக்கத்திலே எட்டரை அங்குல நீளத்துக்கு நுண்ணெழுத்து. அதற்குள்ளே சொல்லப்பட்டிருப்பது இது: 90 நாட்களுக்குள் அல்லது 4000 மைல் ஓடுவதற்குள், எது முந்துகிறதோ அதுவரை, பழுதான உறுப்பைச் செலவு கொடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அது பழுதென்று தொழிற்சாலை திருப்தியடைந்தால், மாற்று உறுப்புக் கிடைக்கும். வேறெந்தப் பொறுப்பும் இல்லை. உடைந்த எலும்புக்கு ஓர் உதிரிப் பாகம்! இப்பத்திரம் கிறைஸ்லர் கம்பனி தனித்து எழுதியதன்று. மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தயாரித்த பொதுப்படிவம் அது. ஜெனரல் மோட்டோர்ஸ், போர்ட், கிறைஸ்லர் என்னும் மூன்று கம்பனிகளும் 1958ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரயாணிக் கார்களுள் நூற்றுக்கு 93.5 பங்கை உற்பத்தி செய்தன. ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற போட்டிச் சந்தையின் புகழ்பெற்ற வாக்குறுதி இங்கே என்னவாயிற்று? எந்தக் கடைக்குப் போனாலும் அதே தாள்.

1960 மே 9ஆம் நாள், கார் கையளிக்கப்பட்டு ஐந்தாண்டு நிறைந்த அதே நாளில், நியூ ஜேர்சி உயர்நீதிமன்று தீர்ப்பளித்தது. நீதிபதி பிரான்சிஸ் எழுதிய அத்தீர்ப்பு, பேரம் பேசும் வலிமையில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு இருக்கையில் இத்தகைய தாளை இரு சம மனிதரின் சுதந்திரமான ஒப்பந்தமாகக் கொள்ள முடியாது என்றது. பொறுப்பைத் துறக்கும் வாசகம் செல்லாது. ஹெலன் கையொப்பமிடவில்லை என்ற வாதமும் நிற்காது. காரை வாங்கியவரின் குடும்பத்தாருக்கும் அவருடைய சம்மதத்துடன் அதனைப் பயன்படுத்துவோர்க்கும் உத்தரவாதம் உரியது. ஒப்பந்தச் சுதந்திரம் என்ற விக்கிரகத்தை ஒரு முதலாளித்துவ நாட்டின் நீதிமன்றே இவ்வளவு வெளிப்படையாகத் தட்டிப் பார்த்ததை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

மனைவியின் அன்பளிப்புப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கலிபோர்ணியாவில் கிறீன்மன் என்பவருக்கு 1955 கிறிஸ்மஸ் பரிசாக அவர் மனைவி ஷொப்ஸ்மித் என்ற பல்தொழில் மரவேலை இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தார். 1957இல் அதிற் கடைசல் வேலை செய்கையில், பிடித்திருந்த திருகாணிகள் போதிய வலுவற்றிருந்தமையால், மரத்துண்டு பறந்து வந்து அவர் நெற்றியைத் தாக்கியது. அவர் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தது பத்தரை மாதங்கள் கழித்து. உத்தரவாத விதிப்படி காலதாமதம் என்று கம்பனி வாதித்தது. 1963 ஜனவரியில் தீர்ப்பெழுதியவர், 1944இல் தனித்து நின்ற அதே டிரெய்னர். இம்முறை முழு மன்றும் அவரோடிருந்தது. இது விற்பனை ஒப்பந்தத்தின் விடயமே அன்று. பழுதுப் பொருளைச் சந்தையில் விட்டமைக்கான பொறுப்பு என்று அவர் முடித்தார். ஜூரிமார் உற்பத்தியாளருக்கு விதித்த 65,000 டொலர் நிலைத்தது.

இவ்விதி ஐரோப்பாவுக்கு வந்து சேர இன்னும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு ஒரு பேரவலமும் வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனியிலே 1957இல் விற்பனைக்கு வந்து 1961 இறுதியில் மீளப்பெறப்பட்ட தலிடொமைட் மருந்தினாற் கையும் காலும் வளராமற் பிறந்த குழந்தைகள், எந்தக் கடையிலும் எதையும் வாங்காதவர்கள். தீங்கு நேர்ந்தபோது பிறக்கவும் இல்லாதவர்கள். 1985 ஜூலையில் ஐரோப்பியச் சமூகம், பழுதுப் பொருளினால் நேரும் தீங்குக்குத் தவறு நிரூபிக்கப்படாமலே உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஆணை பிறப்பித்தது. பிரித்தானியா 1987இல் அதனைச் சட்டமாக்கியது. ஆனால், அக்கால விஞ்ஞான அறிவுக்கு எட்டாத பழுதாயின் உற்பத்தியாளர் தப்பிக்கொள்ளலாம் என்ற ஒரு பக்கவாயிலையும் அது திறந்து வைத்தது. தலிடொமைட்டை முன்னிட்டு எழுந்த சட்டத்திலே இப்படியொரு வாயில் இருப்பதன் கேலியை வாசகர் தாமே உணர்வர்.

இதுவரை கண்ட வெற்றிகள் யாவும் இரத்தஞ் சிந்திய பின்னர் கிடைத்தவை. அன்பளிப்பாகக் கிடைத்த பொருள் எவரையும் காயப்படுத்தாமல், வெறுமனே வேலை செய்யாமற் போனால்? 1985ஆம் ஆண்டு ஆணை, பழுதான பொருளுக்கே நேர்ந்த இழப்பைத் தன் எல்லையிலிருந்து விலக்கிவிட்டது. டொனகியூ வழக்கின் விதியும் உடலுக்கும் பிற உடைமைக்கும் நேரும் தீங்கைப் பற்றியதே. அதாவது, மணவீட்டு மின்னழுத்தி தீப்பிடித்துக் கையைச் சுட்டால் பெண்ணுக்கு உரிமை உண்டு. சூடேறாமற் கிடந்தால், அது மீண்டும் வாங்கியவரின் ஒப்பந்தமாகிவிடுகிறது. இங்கே வின்டர்பொட்டத்தின் காலம் முற்றாக முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மூன்றாந் தரப்பினர் உரிமைச் சட்டம், ஒப்பந்தம் ஒருவரின் நலனைக் கருதியதாயின் அவரும் அதனை வலியுறுத்தலாம் என்றது. அவரை அந்த ஒப்பந்தம் பெயராலோ வகையாலோ குறிப்பிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கடைப் பற்றுச்சீட்டிலே மணப்பெண்ணின் பெயரை எழுதுவிப்பவர் எத்தனை பேர்?

இந்தியா இதனை நேராக அணுகியது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே வரையறுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வரையறையைக் காத்துக்கொண்டது. பரிசு பெற்றவர் அங்கே தம் பெயரிலேயே முறையிடலாம்.

நம் நாட்டின் நிலை சற்றுச் சிக்கலானது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டம், மறைந்திருக்கும் பழுதுக்கு விற்பவன் பொறுப்பு என்ற பழைய உரோம விதியைக் கொண்டிருந்தது. (அவ்விதி பிறந்த இடம் உரோமாபுரியின் அடிமைச் சந்தை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயை மறைத்து அடிமையை விற்றவனிடமிருந்து அடிமையை வாங்கியவனைக் காக்கவே அது எழுந்தது. விற்கப்பட்ட மனிதனைக் காக்க அன்று.) 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் மூலம் ஆங்கிலேயரின் 1893ஆம் ஆண்டுச் சட்டமே இங்கும் வந்தமர்ந்தது. தரத்தைப் பற்றிய அதன் உத்தரவாதங்கள் வாங்குபவரை நோக்கியவை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமோ, நுகர்வோர் என்ற சொல்லுக்குப் பொருளைப் பயன்படுத்துவோர் என்றே விளக்கந் தருகிறது. வாங்கியவர் என்று குறுக்கவில்லை. ஆகவே, சட்டத்தின் சொல்லளவிலே அன்பளிப்புப் பெற்றவர் அதிகாரசபையின் வாயிலிலே நிற்கத் தகுதியுடையவர்.

கடையின் வாயிலில் நிலைமை வேறு. அங்கே முதலிற் கேட்கப்படுவது பற்றுச்சீட்டும் கடை முத்திரையிட்ட உத்தரவாதச் சீட்டும். பற்றுச்சீட்டு அன்பளித்தவரிடம் இருக்கிறது. விலை தெரியக் கூடாதென்று அதனை எடுத்துவிட்டே பொருளைச் சுற்றிக் கட்டுவது நம் வழக்கம். உத்தரவாதத்தின் நாட்கள் கடையில் விற்ற அன்றே ஓடத் தொடங்குகின்றன. மணவீட்டுப் பொதியோ பல மாதங்கள் கழித்து அவிழ்க்கப்படுகிறது. பழுதென்று கண்டபின்னர், கொடுத்த மாமியிடமோ மைத்துனரிடமோ சென்று, நீங்கள் தந்தது வேலை செய்யவில்லை, துண்டைத் தாருங்கள் என்று கேட்க எவருக்கும் நா எழுவதில்லை. மின்னழுத்தி பெட்டியோடு அலுமாரியின் மேலே போய்விடுகிறது. அதிகாரசபையின் பதிவேட்டில் அது ஒரு முறைப்பாடாக ஏறுவதில்லை. கடைக்காரரின் கணக்கிலே அது நல்ல விற்பனையாகவே நிற்கிறது.